செட் ஆச்சா, செட் பண்ணோமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில எங்க வீட்டுல நடந்த ஒரு சின்ன விஷயத்துலேருந்து இன்னைக்கு ஆரம்பிக்கிறேன்.

எங்க வீட்டுல தயிருக்குப் பொறுப்பு என் ரூம்மேட். சிவில் இன்ஜினியர். காலையில எந்திரிச்சதும் பாத்திரத்தைத் திறந்து பார்த்துட்டு, "மச்சி, தயிர் செட் ஆகல"ன்னான். பத்து நிமிஷம் கழிச்சு போன்ல யார்கிட்டயோ, "அந்த சைட் எனக்கு செட்டே ஆகாதுடா"ன்னான். அப்புறம் கீழ இருக்கிற ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, "அண்ணா, பூரி ரெண்டு செட்டு"ன்னான். டிவில ஏதோ பழைய படம் ஓடிட்டு இருந்தது. "ரயில்வே ஸ்டேஷன்லாம் நிஜம் இல்லடா, செட்டு போட்டு எடுத்தது"ன்னான். அப்பதான் எண்ண ஆரம்பிச்சேன். மத்தியான சாப்பாட்டுக்குள்ள பதினோரு செட் வந்துருச்சு. நியாயமா சொல்லணும்னா அதுல நாலு என்னோடது.

மூணே எழுத்து இங்கிலீஷ் வார்த்தை. தமிழ்ல எழுதினா ரெண்டே எழுத்துதான். இது எப்படி இவ்வளவு வேலை பார்க்குது? இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். கூடவே, இந்த ஒரு வார்த்தையால நான் ஒருத்தரோட மானத்தை வாங்கின கதையும் இருக்கு. அதுக்குக் கொஞ்சம் அப்புறம் வர்றேன்.

முதல்ல இங்கிலீஷ்காரங்க பக்கம் போவோம். ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ் அகராதியோட இரண்டாம் பதிப்பு 1989-ல வந்தது. மொத்தம் 20 தொகுதி. அந்த 20 தொகுதியிலயும் ரொம்ப நீளமான பதிவு எதுக்குன்னு பார்த்தா, செட்ங்கிற வினைச்சொல்லுக்கு. சுமார் 430 அர்த்தம். அதை விளக்க ஏறக்குறைய 60,000 வார்த்தைகள். நான் இப்ப பேசுற மாதிரி முப்பது எபிசோடு போட்டா அந்த ஒரு வார்த்தை முடியும்! ரொம்ப நாள் வினாடிவினா போட்டிகள்ல "இங்கிலீஷ்ல அதிக அர்த்தம் உள்ள வார்த்தை எது?"ன்னு கேட்டா இதுதான் பதில். இப்ப அந்தப் பட்டம் கைமாறிடுச்சு. அகராதிக்காரங்க பழைய பதிவுகளையெல்லாம் திருத்திட்டு வர்றப்ப, ரன்ங்கிற வினைச்சொல் 645 அர்த்தத்தோட முன்னாடி போயிடுச்சு. 2011-ல அது செய்தியாவே வந்தது. நாள் முழுக்க கோடை ரன் பண்ணிட்டே இருக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு செட்தான் பிடிக்கும். ஏன்னா அது ஒரு வார்த்தையே இல்ல. ரெண்டு வார்த்தை.

எப்படின்னு சொல்றேன். ஒரு பொருளை ஒரு இடத்துல வைக்கிறதும் செட். பத்து பொருள் சேர்ந்த தொகுப்பும் செட். ரெண்டும் ஒரே வேர்லேருந்து வந்திருக்கும்னுதான் நானும் நினைச்சுட்டு இருந்தேன். இல்ல. 'வைக்கிற' செட் பழைய ஆங்கிலத்துலேருந்து வந்தது. 'தொகுப்பு' செட், லத்தீன்ல செக்டான்னு ஒரு வார்த்தையிலேருந்து பிரெஞ்சு வழியா வந்தது. ஒருத்தர் பின்னாடி போற கூட்டம்னு அர்த்தம். மதப் பிரிவுகளை செக்ட்னு சொல்றோம்ல, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். காலப்போக்குல ரெண்டுக்கும் உச்சரிப்பு ஒண்ணாகி, அர்த்தமும் ஒண்ணோட ஒண்ணு உரசி, இப்ப யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இது அவங்க மொழியில மட்டும் நடக்குற கூத்து இல்ல. ஸ்கூல்ல கணக்குப் பாடத்துல செட்டுக்கு என்ன பேர் படிச்சீங்க? கணம். "கணங்களின் சேர்ப்பு, கணங்களின் வெட்டு." அந்தக் கணம் பூதகணம்னு சொல்ற கணம், கூட்டம். "ஒரு கணம் யோசி"ன்னு சொல்ற கணம் வேற, அது நேரம். வடமொழியில ரெண்டும் தனித்தனி வார்த்தை. ஒண்ணு க்ஷணம். தமிழுக்கு வந்ததும் ரெண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கிச்சு. நானும் ஒன்பதாம் வகுப்புல வெற்றுக் கணம்னா சும்மா இருக்கிற நேரம்னுதான் நினைச்சேன். இலங்கையில இதுக்கு வெச்சிருக்கிற பேர் இன்னும் அழகு. தொடை. பூவைத் தொடுக்கிறோம்ல, அந்தத் தொடை. ஆனா பத்தாம் வகுப்புப் பசங்க இருக்கிற ரூம்ல அந்தப் பாடத்தை எடுக்குற டீச்சரை நினைச்சாதான் பாவமா இருக்கு.

சரி, பழைய ஆங்கில செட்டுக்கு வர்றேன். இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. சிட்னா உட்காருறது. செட்னா உட்கார வைக்கிறது. அவ்வளவுதான். எல்லா அர்த்தமும் இங்கேருந்துதான் கிளம்புது. ஃபால்னா விழுறது, ஃபெல்னா மரத்தை வெட்டி விழ வைக்கிறது. லைனா படுக்குறது, லேனா படுக்க வைக்கிறது. உள்ள ஒரு உயிரெழுத்தை மாத்தினா 'தானா நடக்குறது' போய் 'ஒருத்தர் நடக்க வைக்கிறது' வந்துடும்.

எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? தன்வினை, பிறவினை. பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் பண்ணி மறந்தோமே, அதேதான். ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. திருந்து, திருத்து. உருள், உருட்டு. சிட், செட்டுக்கு நேர் தமிழ்னா இரு, இருத்து. இங்கிலீஷ்ல இந்த முறை எப்பவோ செத்துப் போச்சு, நாலஞ்சு ஜோடி மட்டும் மிச்சம். நம்மகிட்ட இன்னும் உயிரோட இருக்கு. "வண்டி ஓடுது"ன்னா வண்டி. "வண்டி ஓட்டுறான்"னா ஒருத்தன் கைல ஸ்டீயரிங் இருக்கு. இந்தக் 'கை'யை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

இப்ப அந்த 430-ஐயும் நான் படிச்சுக் காட்டப் போறதில்ல, பயப்படாதீங்க. அலாரத்தை செட் பண்றது, டேபிளை செட் பண்றது, பொறி வைக்கிறது, தேதி குறிக்கிறது, உடைஞ்ச எலும்பை நேரா வெச்சுக் கட்டுறது, மோதிரத்துல கல் பதிக்கிறது, அச்சகத்துல எழுத்துக் கோக்குறது. எல்லாத்துலயும் ஒரு கை ஒரு பொருளை அதோட இடத்துல உட்கார வைக்குது. நம்ம தொழில்லயும் அப்படித்தான். பிட்டை செட் பண்ணுன்னா, அதை ஒண்ணாக்கு. செட்டர் ஃபங்ஷன்னா, ஒரு மதிப்பைக் கொண்டுபோய் உள்ள உட்கார வைக்கிறது. ஊர்ல பாட்டி கோழியை அடைவைப்பாங்கல்ல, கிராமத்து இங்கிலீஷ்ல அதுவும் செட்தான்.

கையே இல்லாத செட்டும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. சன்செட். சூரியனை யாரும் பிடிச்சு உட்கார வைக்கல, அதுவா போய் உட்காருது. எங்க ஊர்ல "பொழுது அடையுது"ம்பாங்க, கோழி கூட்டுல அடையுற மாதிரி. அப்புறம் ஜெல்லி, சிமென்ட். இது என் ரூம்மேட் ஏரியா. அவன்கிட்ட கேட்டது தப்பாப் போச்சு, அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தான். ஆனா ஒரு நல்ல விஷயம் சொன்னான். சிமென்ட்ல செட் ஆகுறது வேற, கெட்டியாகுறது வேறயாம். தண்ணி ஊத்திக் கலந்த சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட், 30 நிமிஷத்துக்கு முன்னாடி செட் ஆக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிஷத்துக்குள்ள செட் ஆகி முடியணும். அதுதான் நம்ம நாட்டுத் தரக் கணக்கு. ஆனா செட் ஆச்சுன்னா இனிமே இழுத்த இழுப்புக்கு வராதுன்னுதான் அர்த்தம். பலம் அப்ப வராது. காங்கிரீட்டோட பலத்தை 28 நாள் கழிச்சுத்தான் சோதிச்சுப் பார்ப்பாங்க. "செட் ஆன அன்னைக்கே மேல லோடு ஏத்தினா இடிஞ்சு விழும்டா"ன்னான். "லைஃப்ல எப்ப செட்டில் ஆகப் போற?"ன்னு வாராவாரம் கேக்குற என் பெரியம்மாவுக்கு இதை ஃபார்வர்டு பண்ணலாம்னு இருக்கேன். செட்டிலும் இதே குடும்பம்தான். பழைய ஆங்கிலத்துல உட்காருற இருக்கைக்குப் பேர் செட்ல். எனக்கு உட்கார நாற்காலி இருக்கு பெரியம்மா. சக்கரம் வெச்சது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இங்கதான் ஆட்டமே மாறுது.

பம்புசெட்டை எடுத்துக்கோங்க. இங்கிலீஷ்ல அது ஒரு மிஷின், மோட்டாரும் பம்பும் சேர்ந்த ஜோடி. நம்ம ஊர்ல அது ஒரு இடம். "பம்புசெட்டுல குளிக்கப் போறேன்", "பம்புசெட்டுல படுத்துக் கிடக்கான்". மிஷின் மேல யாரும் படுக்க முடியாது, இல்லையா? அப்புறம் "எங்க செட்டு". "அவரு எங்க அப்பா செட்டு"ன்னா கூடப் படிச்சவரு, ஒரே வயசுக்காரரு. "கண்டவனோட செட்டு சேராத"ன்னா சகவாசம். இந்தச் செட்டுதான் எனக்குப் புல்லரிக்க வெச்சது. ஏன்னா லத்தீன் செக்டாவோட பழைய அர்த்தம், ஒண்ணாப் போற கூட்டம், அப்படியே அச்சு மாறாம நம்ம டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருக்கு. செட்டிங்னா இங்க கள்ளக்கூட்டு, "டெண்டர்ல ரெண்டு பேரும் செட்டிங்". செட்டப்னு சொன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும், இது குடும்பத்தோட கேக்குற பாட்காஸ்ட்.

ஆனா நாம அதிகமாச் சொல்றது எது? "செட் ஆகல." அந்த ஊர் தண்ணி செட் ஆகல. மாத்திரை செட் ஆகல. ஹேர்ஸ்டைல் செட் ஆகல. வேலை செட் ஆகல. "நமக்குள்ள செட் ஆகாது, ஃப்ரெண்ட்ஸா இருப்போம்." இதுல ஒண்ணையாவது ஒரு லண்டன்காரர்கிட்ட செட்டுன்னே சொல்லிப் பாருங்க, முழிப்பாரு. அவங்க இதுக்கு சூட், ஃபிட், அக்ரின்னு வேற வேற வார்த்தை வெச்சிருக்காங்க. எங்க அம்மாவும் வேற வார்த்தைதான் சொல்வாங்க. தண்ணி "சேரல", மாத்திரை "ஒத்துக்கல", சம்பந்தம் "ஒத்துவரல", தயிர் "உறையல". நாலு வார்த்தை. நாம நாலையும் எடுத்துட்டு ஒரே ஒரு செட்டை வெச்சுட்டோம். நான் மொழி செத்துப் போச்சுன்னு புலம்புற ஆள் இல்ல. 'சேரல'ங்கிற சத்தமும் செட்டும் பக்கத்துல பக்கத்துல இருந்ததால ஈஸியா ஒட்டிக்கிச்சோன்னு ஒரு சந்தேகம் உண்டு, என்னோட ஊகம்தான், யாரும் மேற்கோள் காட்டிடாதீங்க.

என் பிரச்சினை வேற. 'உட்கார வை'ங்கிற வார்த்தையைக் கடன் வாங்கி, பக்கத்துல 'ஆகு'ன்னு போட்டோம். கை காணாமப் போச்சு. செட் பண்ணேன்னு சொன்னா ஒரு ஆள் வேணும். செட் ஆகலன்னு சொன்னா யாருமே வேண்டாம். ஏதோ மழை வரல, வெயில் அடிக்கலங்கிற மாதிரி.

இப்ப அந்தக் கதை.

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாசம் இருக்கும். சின்ன கம்பெனி. மளிகைக்கடை, பால்கடைக்காரங்க கடன் நோட்டு வைப்பாங்கல்ல, அதை போன்ல போட்டுக் கொடுக்குற ஆப். எனக்கு வந்த வேலை ரொம்பச் சின்னது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் அன்னைக்குக் கட்டின பணத்தையெல்லாம் எடுத்துக் கூட்டி, பாக்கியில கழிக்கணும். டிக்கெட்ல எழுதியிருந்தது: "கெட் த செட் ஆஃப் பேமென்ட்ஸ்". எழுதினவரு சாதாரண இங்கிலீஷ்ல எழுதியிருந்தாரு. மொத்தத்தையும் எடுன்னு.

நான் இன்டர்வியூவுக்குப் படிச்ச சூடு ஆறாத ஆள். எனக்கு செட்னா ஒண்ணே ஒண்ணுதான். பைத்தான் செட். கணக்குல கேன்டர்ங்கிற ஜெர்மன்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டுல கட்டி எழுப்பின அந்தக் கணம். அதுக்கு ரெண்டு குணம். உள்ள வரிசை கிடையாது. ஒரே உறுப்பு ரெண்டு தடவை இருக்காது. முன்னூறு, முன்னூறுன்னு போட்டா உள்ள ஒரு முன்னூறுதான் இருக்கும். (செக்டா பிறந்த அதே லத்தீன் வேர்லதான் சீக்வென்ஸும் பிறந்தது. 'ஒண்ணு பின்னாடி ஒண்ணு'ங்கிற வேர்ல பிறந்துட்டு, வரிசையே இல்லாம வளர்ந்திருக்கு பாருங்க.)

நான் வாடிக்கையாளர் எண், தேதி, தொகை, இந்த மூணையும் சேர்த்து செட்டுக்குள்ள போட்டேன். ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் தனியா ஒரு ஐடி இருந்தது, அதை எடுத்துக்கல. தேவைன்னு தோணல. நானே எழுதின டெஸ்ட் டேட்டாவுல ஒருத்தர் ஒரே நாள்ல ஒரே தொகையை ரெண்டு தடவை கட்டவே இல்ல. எல்லாம் பச்சை டிக். லைவ் போயிடுச்சு.

ஒரு மளிகைக்கடை. அங்க இட்லிக்கடை வெச்சிருக்கிற ஒரு அம்மா கடனுக்கு அரிசி, உளுந்து வாங்குவாங்க. காலை வியாபாரம் முடிஞ்சதும் 300 ரூபா, ராத்திரி வியாபாரம் முடிஞ்சதும் 300 ரூபா, பெரும்பாலும் தினமும் இதே கணக்கு. என் கோடு ராத்திரி 300-ஐ முழுங்கிடுச்சு. ரெண்டு வாரத்துல பாக்கி நாலாயிரத்துக்கு மேல ஏறி நிக்குது. கடைக்காரர் கேட்டிருக்காரு. அவங்க கட்டிட்டேன்னு சொல்லியிருக்காங்க. அவரு போனைக் காட்டியிருக்காரு. கடையில நாலு பேர் இருக்காங்க. மறுநாள் அந்த அம்மா வீட்டுலேருந்து தினசரி காலண்டர் தாள் எல்லாத்தையும் கொண்டு வந்திருக்காங்க. ஒவ்வொரு தாளுக்குப் பின்னாடியும் பென்சில்ல ரெண்டு முன்னூறு. "போன் என்ன பொய்யா சொல்லுது?"ன்னு அவரு கேட்டிருக்காரு.

அப்புறம் அவருக்கே சந்தேகம் வந்து எங்க சப்போர்ட்டுக்குக் கூப்பிட்டாரு. அந்தக் காலை எனக்குப் போட்டுக் காட்டினாங்க. அவரு பேசும்போது பின்னாடி அந்த அம்மா குரல் சன்னமாக் கேக்குது. "நான் ஏன் தம்பி பொய் சொல்லப் போறேன்"ங்கிறாங்க. ரெண்டு தடவை.

எங்க டீம் லீடை நாங்க அக்கான்னுதான் கூப்பிடுவோம். "என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. அதுக்குள்ள நான் கோடைத் திறந்து பார்த்துட்டேன். எந்த வரின்னும் தெரியும். யாரு எழுதினதுன்னும் தெரியும். இருந்தும் என் வாயிலேருந்து வந்தது என்ன தெரியுமா? "டேட்டா சரியா செட் ஆகலக்கா."

அவங்க கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் ரொம்ப சாதாரணமாக் கேட்டாங்க. "அதுவா செட் ஆகலையா, நீ செட் போட்டியா?"

"நான்தான்கா போட்டேன்."

"சரி, மாத்து."

திட்டல. மாத்துறதுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகல, செட்டுக்குப் பதிலா லிஸ்ட். இதே மாதிரி எத்தனை பேருக்கு ஆகியிருக்குன்னு தேடி, பழைய கணக்கையெல்லாம் சரி பண்ணத்தான் ரெண்டு ராத்திரி ஆச்சு. அதை நான் யாருக்கும் தள்ளிவிடல. அந்தக் கடைக்காரருக்கு நானே போன் பண்றேன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன். "சார், தப்பு எங்க ஆப்ல"ன்னு ஆரம்பிச்சு, அங்கயே நிறுத்தி, "நான் எழுதினதுல தப்பு, நான் கவனிக்கல"ன்னு சொன்னேன். அவரு கோபப்படல. "சரி தம்பி, கணக்கு சரியாச்சுல்ல"ன்னாரு. அந்த அம்மாகிட்ட நான் பேசலாமான்னு கேட்டேன். "அவங்க இப்ப இங்க வர்றதில்லப்பா. நானும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துத் தெருக் கடையில வாங்குறாங்க, ரொக்கத்துக்கு"ன்னாரு.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. என் ஃப்ரெண்ட்ஸுக்கு அது பெரிய தொல்லை. யாராவது "செட் ஆகல"ன்னு சொன்னா, மனசுக்குள்ள அதைப் பிறவினையா மாத்திப் பார்ப்பேன். தண்ணி, மாத்திரை, ஹேர்ஸ்டைல், இதுக்கெல்லாம் மாத்தவே முடியாது, நிஜமாவே யாரும் இல்ல. ஆனா "புதுப் பையன் டீமுக்கு செட் ஆகல"ன்னு மீட்டிங்ல சொல்றாங்க பாருங்க, அதை மாத்தினா சட்டுன்னு ஆட்கள் முளைச்சுடுவாங்க. அவனுக்கு வேலை சொல்லிக் கொடுக்க வேண்டியது யாரு? மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டது யாரு? போன வருஷம் ஒரு பையனைப் பத்தி நானே அப்படிச் சொல்ல வாயெடுத்துட்டேன். அவனோட ட்ரெய்னிங் பொறுப்பு என்னோடதுன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.

அன்னைக்குத் தயிர் விஷயத்துலயும் இதை டெஸ்ட் பண்ணேன். "செட் ஆகலையா, நீ உறை ஊத்தலையா?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சான். ஊத்தல.

உங்க வீட்டுல, உங்க ஊர்ல செட்டை வேற எதுக்கெல்லாம் சொல்றீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நான் சொன்னதுல இல்லாத அர்த்தமா இருந்தா அடுத்த எபிசோடுல போடுறேன். இப்ப கிளம்புறேன், கீழேருந்து பூரி வந்தாச்சு. ஒரு செட்டுக்கு எத்தனை பூரிங்கிறதுல ஹோட்டல் அண்ணாவுக்கும் இவனுக்கும் வாசல்ல ஏதோ தகராறு ஓடுது. வணக்கம்.